பதினான்கு பெட்டிகளும் என் கையெழுத்தும்

"நீ ஏறாத பிளேனிலை என்னை ஏறச் சொல்லுறியோ, பிள்ளை?"

செக்-இன் கவுன்டரில் வைத்து றோசலின் மாமி என்னைக் கேட்ட கேள்வி இது. பின்னால் நின்ற வரிசை முழுவதற்கும் கேட்டது. மீன் சந்தையில் விலை கூறிப் பழகிய குரல் அவருடையது. தாழ்த்திக் கதைக்க அவருக்கு வராது.

நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவிகள் வெளியிடும் சிறப்பு மலருக்கு வேலை அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமைப்படக்கூடிய சம்பவங்கள் சில என்னிடம் இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடியது நான் விட்ட ஒரு பிழைதான். ஆகவே அதையே எழுதுகிறேன்.

1. கவுன்டரில் நான் சொன்ன மறுமொழி

குடாநாட்டின் வடகரையை அண்டிய சிறிய விமான நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். சென்னைக்குப் போய்வரும் விமானம் ஒன்றுக்கு எங்கள் நிறுவனம் தரைப்பணி செய்கிறது. எழுபது பேரளவில் ஏறலாம். இரண்டு பக்கமும் விசிறி வைத்த விமானம். அப்போது என் பதவி லோட் கொன்ட்ரோல் ஒஃபிசர். பயணிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள், பொதிகள் எத்தனை கிலோ, எந்த அறையில் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று கணக்கிட்டு லோட் ஷீட் தயாரித்து, கையெழுத்து வைத்து, கப்டனுக்குக் கொடுப்பது என் வேலை.

அன்று கவுன்டரில் இருக்கவேண்டியவர் லீவு. அதனால் தொடக்கத்தில் நானும் கவுன்டரில் இருந்தேன். றோசலின் மாமி எங்கள் குருநகர் ஒழுங்கைக்காரர், ஒரே தெரு. அவருடைய தம்பி மகளுக்குச் சென்னையில் கலியாணம். குடும்பமாகப் பதினான்கு பேர் போனார்கள். ஆளுக்கொரு பெட்டி, பதினான்கு பெட்டி. எல்லாவற்றிலும் கருவாடு. பாரைக் கருவாடு, சீலாக் கருவாடு, கொஞ்சம் காய்ந்த இறால். பொலித்தீனில் சுற்றி, சாக்கு வைத்துத் தைத்து, மேலே பெயின்டால் பெயர் எழுதியிருந்தார்கள்.

பெட்டிகளைத் தராசில் வைத்துக்கொண்டிருக்கும்போது மாமி தன் போனை எடுத்து நீட்டினார். யாரோ அனுப்பிய வீடியோ. வெளிநாடு ஒன்றில் விமானத்தின் கணினி தானாகவே மூக்கைக் கீழே அழுத்தியதாம், விமானி இழுத்தும் நிற்கவில்லையாம். இந்த விமானத்தையும் கொம்பியூட்டர்தானா ஓட்டுகிறது, அது பிழை விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

எனக்கு அது சின்னக் கேள்வியாகத்தான் தெரிந்தது. படித்தவள் என்ற மிதப்பும் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்கவில்லை. "கொம்பியூட்டர் பிழை விடாது, மாமி. மனுசர்தான் விடுறது" என்றேன். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. நான் எத்தனை தரம் ஏறியிருக்கிறேன் என்று கேட்டார். ஒரு தரமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகுதான் முதல் வரியில் எழுதிய கேள்வி வந்தது.

அடுத்த ஆளின் பாஸ்போட்டைக் கையில் எடுத்தேன்.

2. பச்சைப் புள்ளி

லோட் ஷீட் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம்.

விமானத்தில் எவ்வளவு பாரம் ஏறுகிறது என்பது மட்டும் போதாது. அது எங்கே இருக்கிறது என்பதும் வேண்டும். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளுக்கு இது புதிதல்ல. வலை முழுவதையும் முன்பக்கமான அணியத்தில் போட்டுக்கொண்டு யாரும் வள்ளம் விடுவதில்லை. விமானத்தில் முன்னாலும் பின்னாலும் பொதி அறைகள் உண்டு. பயணிகள் பின்பக்கம் கூடுதலாக இருந்தால் பொதிகளை முன்னறையில் போடச் சொல்லுவோம்.

நாங்கள் எண்களைக் கொடுத்ததும் கணினி ஒரு வரைபடத்தைக் காட்டும். அதில் ஒரு கூடு மாதிரிக் கோடு இருக்கும். பாரத்தின் நடுவிடம் எங்கே விழுகிறது என்று ஒரு புள்ளி வரும். கூட்டுக்குள்ளே இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு. கணினி தரும் ட்ரிம் எண்ணைப் பார்த்துத்தான் விமானி புறப்படுமுன் வால் இறக்கையைச் சரிசெய்து வைப்பார். எங்கள் விமானம் மாமி போனில் பார்த்த வகையைச் சேர்ந்ததல்ல. அதன் சுக்கானை விமானியின் கைதான் இழுக்கிறது. ஆனால் அந்தக் கை எங்கே தொடங்கவேண்டும் என்பதைச் சொல்லுவது எங்கள் மேசையில் இருக்கும் கணினி. அதற்குச் சொல்லிக்கொடுப்பது நான்.

எங்கள் வீட்டில் ஓ.எல். என்ற பதினோராம் வகுப்புப் பரீட்சை எழுதிய முதல் ஆள் நான். அப்பா எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை மையில் தோய்ப்பவர். அம்மாவுக்கு பஸ்ஸின் பெயர்ப்பலகை வாசிக்கத் தெரியாது, நிறத்தைப் பார்த்துத்தான் ஏறுவார். லோட் ஷீட்டின் அடியில் என் கையெழுத்து இல்லாமல் அந்த விமானம் கிளம்பாது. அதை முதன்முதலாக வைத்த நாளில் அதன் பிரதி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத்தான் பிடித்திருந்தார். நான் திருத்தவில்லை.

இனி வருவது விளங்குவதற்கு இந்தக் கையெழுத்து எனக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்திருக்கவேண்டும்.

3. ஒரு ஓம்

அது ஜனவரித் தொடக்கம். சபரிமலைக்குப் போகிற காலம். அன்றைய ஐம்பத்தாறு பயணிகளில் இருபத்திரண்டு பேர் மாலை போட்ட ஐயப்ப சாமிமார். கறுப்பு வேட்டியும் வெறுங்காலுமாக வந்தார்கள். ஒன்றாக இருக்கவேண்டும் என்று கேட்டதால் பின் வரிசைகளில் இடம் கொடுத்திருந்தேன். அதனால் பின்பக்கம் பாரம் கூடியது. அதைச் சமப்படுத்துவதற்காகச் சாமிமாரின் பைகளையும் றோசலின் மாமி வீட்டாரின் பதினான்கு பெட்டிகளையும் முன்னறையில் போடும்படி திட்டம் அச்சடித்துக் கொடுத்தேன்.

பொதி ஏற்றும் குழுவின் தலைவர் தவம் அண்ணை. தென்மராட்சிக்காரர், கெட்டிக்காரர், ஒரு நாளும் பிந்தமாட்டார். விதிப்படி அவர் ஏற்றி முடித்து, எந்த அறையில் என்ன இருக்கிறது என்று தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுவரவேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் நான் லோட் ஷீட்டை முடிக்கலாம். ஆனால் விமானம் எங்கள் தரையில் நிற்கும் நேரம் கொஞ்சம். அதனால் அவர் வோக்கி டோக்கியில் "ஏத்தியாச்சு" என்பார், நான் முடித்து அனுப்பிவிடுவேன், தாள் பிறகு வந்து சேரும். விதி ஒன்று, பழக்கம் இன்னொன்று. ஒரு நாளும் பிழைத்ததில்லை என்பதால் அதைப் பழக்கம் என்றுகூட நாங்கள் நினைக்கவில்லை.

கவுன்டரை மூடிக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த வோக்கி டோக்கி கதைத்தது. சத்தம் கூட்டி வைத்திருந்தேன்.

"தங்கச்சி, சாமிமாற்றை சாமானோடை உந்தக் கருவாட்டுப் பெட்டியளை வைக்கேலாது. மாலை போட்ட சனம். பெட்டியளைப் பின்னாலை மாத்திவிடுறன், என்ன?"

மண்டபம் முழுவதும் கேட்டது. சாமிமார் அங்கேதான் நின்றார்கள். மாமியும் அங்கேதான் இருந்தார். அவர் தன் காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன நடந்தது என்பதை நேர்மையாக எழுதவேண்டும். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை, என் சட்டையில் கருவாட்டு மணம் என்று சொல்லி வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டு முற்றத்தில்தான் மீன் காயும், சட்டையும் அங்கேதான் காயும். அதற்குப் பிறகு பல வருடம் நான் சட்டையை வீட்டுக்குள்ளே காயவைத்தேன். இப்போது கழுத்தில் அடையாள அட்டையோடு, கணினிக்கு முன்னால் நிற்கிறேன். அந்தச் சொல் அந்த மண்டபத்தில் இன்னொரு தரம் ஒலிக்கக்கூடாது என்பது மட்டும்தான் அந்த நேரம் என் மனதில் இருந்தது. எத்தனை பெட்டி, எவ்வளவு கிலோ, எந்த அறை என்று நான் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். கேட்டால் அவர் மறுபடியும் கருவாடு என்பார்.

"ஓம் அண்ணை, ஓம்" என்று சம்மதம் சொல்லிச் சத்தத்தைக் குறைத்துவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போய் இருந்தேன். பயணிகள் ஏறி முடிந்தார்கள். தவம் அண்ணை "எல்லாம் ஏத்தியாச்சு, தங்கச்சி" என்றார். சத்தத்தைக் குறைத்ததோடு அவர் கேட்டதும் என் தலையை விட்டுப் போயிருந்தது. நான் திட்டத்தில் இருந்ததை அப்படியே முடித்தேன். பதினான்கு பெட்டி, இருநூற்றெண்பது கிலோ, முன்னறை. புள்ளி கூட்டுக்குள் விழுந்தது. பச்சை. கையெழுத்து வைத்து அனுப்பினேன். கதவு மூடப்பட்டது.

4. வால் முட்டு

எங்கள் விமானத்தில் பயணிகள் பின்பக்கத்தால்தான் ஏறுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நின்றால் வால் அமர்ந்துவிடும் என்பதற்காக வாலுக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பத்தை முட்டுக் கொடுத்து வைப்பார்கள். தவம் அண்ணையின் குழு அதை வால் முட்டு என்றுதான் சொல்லும். எல்லோரும் இடத்தில் இருந்த பிறகு அது தளர்ந்துவிடும், ஒரு கையால் எடுக்கலாம்.

விமானம் ஓடுபாதையை நோக்கி உருளத் தொடங்கிய பிறகு தவம் அண்ணை உள்ளே வந்து, தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். தாளை மேசையில் வைத்தார்.

"இண்டைக்கு முட்டு இறுகிப்போச்சு. ரெண்டு பேர் காலாலை அடிச்சுத்தான் எடுத்தனாங்கள்."

கதையோடு கதையாகச் சொன்னார். நான் தாளைப் பார்த்தேன். முன்னறைக் கட்டத்தில் பைகள் மட்டும் இருந்தன. பின்னறைக் கட்டத்தில் அவருடைய வட்டமான எழுத்தில், பதினான்கு பெட்டி.

ஏன் பின்னால் என்று நான் கேட்டேன் போலிருக்கிறது, ஏனென்றால் அவர் சொன்னது நினைவிருக்கிறது. "நீங்கள்தானே ஓம் எண்டனீங்கள்."

எங்கள் நிலையப் பொறுப்பாளர் ஜெயந்தன் சேர் அடுத்த மேசையில் இருந்தார். நடந்ததை இரண்டு வசனத்தில் சொன்னேன். விமானத்தை நிறுத்தவேண்டும் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அவருடைய தலைக்குள் வேறு பாரங்கள் இருந்தன. ஒரு விமானம் திரும்பி வந்தால் சனம் பயந்துவிடும், நாளைக்கு யாரும் ஏறமாட்டார்கள், இந்தச் சேவையே எத்தனை தரம் நின்று நின்று தொடங்கியது என்றெல்லாம் அவருக்குத்தான் தெரியும். உள்ளே இவ்வளவு கொம்பியூட்டர் இருக்கின்றன, அவை பார்த்துக்கொள்ளும் என்றார்.

ஒரு மணி நேரத்துக்கு முன் நான் மாமிக்குச் சொன்னதும் இதேதான்.

"உமக்கு நிச்சயமாத் தெரியுமோ, கோட்டுக்கு வெளியிலை போகுதெண்டு?"

"நிச்சயமாத் தெரியாது, சேர். தெரியாததாலைதான் நிப்பாட்டச் சொல்லுறன்."

அவர் யன்னலைப் பார்த்தார். விமானம் ஓடுபாதை முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் டவருக்குப் போகும் நேரடித் தொலைபேசி அவருடைய மேசையில்தான் இருந்தது. அதை எடுத்து என் பக்கம் தள்ளினார். "அப்ப நீரே சொல்லும்."

சொன்னேன். லோட் ஷீட்டில் பிழை, விமானத்தை நிறுத்துங்கள், கையெழுத்து வைத்தது நான், என் பெயர் இது. எண்களைச் சரியாகச் சொன்னேன். பிறகு தொலைபேசியைக் காதில் வைத்தபடியே விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். புறப்படும்போது அந்தச் சத்தம் திடீரென்று கூடும், யன்னல் கண்ணாடி அதிரும். அன்று அது கூடவில்லை. ஒரே அளவில் நின்றது. பிறகு மெல்ல எங்கள் பக்கம் வரத் தொடங்கியது.

அந்த இடைவெளியில் கணினியில் பெட்டிகளைப் பின்னறைக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். புள்ளி சிவப்பு. கூட்டுக்கு வெளியே, ஒரு நக அளவு. அனுபவமுள்ள கப்டன் சமாளித்திருக்கவும் கூடும். ஒன்றும் நடந்திருக்காமலும் போயிருக்கலாம். அதை எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். அந்தக் 'கூடும்' என்ற சொல்லுக்குள் ஐம்பத்தாறு பேரும் விமானப் பணியாளர்களும் இருந்தார்கள்.

5. மண்டபத்தில்

பயணிகள் இறங்கி மண்டபத்துக்குத் திரும்பினார்கள். அவர்கள் வந்து இருக்குமுன்பே கதை வந்துவிட்டது. கொம்பியூட்டர் பழுதாம். ஒருவர் கனடாவில் இருக்கும் மகனுக்கு வீடியோ அழைப்பில் காட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் தொழில்நுட்பக் காரணம் என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஜெயந்தன் சேர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். யாரும் அமைதியாகவில்லை.

தவம் அண்ணையின் ஆட்கள் பெட்டிகளை முன்னறைக்கு மாற்றும்போது நானும் வெயிலில் போய் நின்றேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். பதினான்கு. மண்டபத்துக்குத் திரும்பியபோது றோசலின் மாமி வழியில் நின்றார்.

"கொம்பியூட்டர் பிழை விட்டுட்டுதோ?"

"இல்லை மாமி. நான் விட்ட பிழை."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொடங்கியாகிவிட்டது, பாதியில் நிற்க முடியாது. பெட்டிகள் எங்கே இருக்கவேண்டும், எங்கே போயின, யார் கேட்டார், யார் ஓம் என்றார் எல்லாவற்றையும் சொன்னேன். கருவாடு என்ற சொல்லையும் சொன்னேன், தெளிவாக. இப்போது மாற்றியாயிற்று, நானே எண்ணினேன் என்றும் சொன்னேன்.

சாமிமாரின் குருசாமி வயதானவர், உரும்பிராய்ப் பக்கத்தில் தோட்டம் செய்பவர் என்று பிறகு அறிந்தேன். அவருக்குத்தான் கூடுதல் வியப்பு.

"எங்களிட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே. இருமுடி எங்கடை மடியிலை இருக்கு. கீழை கிடக்கிறது உடுப்புப் பை, அதுக்குப் பக்கத்திலை கருவாடு இருந்தா ஐயப்பனுக்கென்ன?"

"பொலித்தீன் சுத்தித் தைச்ச பெட்டி, சாமி. மணந்தா என்னைக் கேளுங்கோ" என்றார் மாமி.

"மணந்தா நாங்கள் விரதம் முடிச்சிட்டு உங்கடை வீட்டை வாறம்."

சனம் சிரித்தது. குருசாமி சொன்னது சரி. தவம் அண்ணை சாமிமாருக்கு மரியாதை செய்வதாக நினைத்தார். நான் என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். யாருக்காக மாற்றினோமோ அவரிடம் இருவரும் கேட்கவில்லை. கணினியிடம் சொல்லவும் இல்லை.

இரண்டு பேர் மறுபடி ஏற மறுத்துவிட்டார்கள், ஒரு கணவனும் மனைவியும். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய பைகளை இறக்கி, எண்களைத் திருத்தி, இன்னொரு லோட் ஷீட் எடுக்கவேண்டியிருந்தது. நான் தயாரித்தேன், ஜெயந்தன் சேர் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தார். என்னை வைக்கவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பேனையை அவரே எடுத்துக்கொண்டார்.

மாமி ஏறப் போகும்போது என் கையைப் பிடித்தார். நீ எண்ணினாயென்றால் ஏறலாம் என்றார். இரண்டு அடி போய்த் திரும்பினார்.

"ஆனா என்ரை கேள்விக்கு நீ இன்னும் மறுமொழி சொல்லேல்லை, என்ன?"

6. அறிக்கை

அன்று பின்னேரம் அறிக்கை எழுதவேண்டும். ஜெயந்தன் சேர் தேத்தண்ணி ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டு, கணினித் தரவில் முரண்பாடு என்று போடும்படி சொன்னார். அப்படி எழுதினால் எனக்கும் நல்லது, தவம் அண்ணைக்கும் நல்லது, ஒருவருக்கும் பழுதில்லை. சனமும் ஏற்கெனவே அப்படித்தான் நம்புகிறது. அவர் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார்.

அந்த வசனத்தை எழுதியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதில் மனிதர் யாருமே இல்லை. ஒரு கணினி இருந்தது, ஒரு முரண்பாடு இருந்தது, அவ்வளவுதான். அதை வாசிப்பவர் கணினியைத் திறந்து பார்ப்பார், ஒரு பழுதும் இருக்காது, மூடிவிடுவார். நாங்கள் அடுத்த நாளும் வோக்கி டோக்கியில் "ஏத்தியாச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

அழித்துவிட்டு இப்படி எழுதினேன்: பொதி இடம் மாற்றுவதற்கு ஏற்றும் குழுத் தலைவர் என்னிடம் அனுமதி கேட்டார். நான் அனுமதித்தேன். மாற்றத்தைக் கணினியில் பதியவில்லை. கையெழுத்திட்ட தாள் வருமுன் லோட் ஷீட்டை முடித்தேன். இது இந்த நிலையத்தின் வழக்கம், விதிக்கு மாறானது. அடியில் கையெழுத்து வைத்தேன். இன்றுவரை நான் வேலையில் வைத்த கடைசிக் கையெழுத்து அது. மீள்பயிற்சி முடிக்கும்வரை லோட் ஷீட்டில் கையெழுத்திட எனக்கு அனுமதி இல்லை என்று கடிதம் வந்தது. கவுன்டருக்கு மாற்றப்பட்டேன். தவம் அண்ணைக்கு எச்சரிக்கை மட்டும். அவர் என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள் கடதாசியில் சுற்றிய கச்சான் கடலைச் சரை ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் சொல்ல இரண்டு நாள் எடுத்தது. அப்பா, வேலை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, கையெழுத்துத்தான் இல்லை என்றேன். அவர் தன் பெருவிரலைப் பார்த்தார். பிறகு, அது திரும்ப வரும்தானே என்று கேட்டார். அம்மாவோ மாமி வீட்டுக்கு போன் எடுத்து முழுக் கதையையும் வேறு மாதிரிக் கேட்டிருந்தார். நான் விளங்கப்படுத்துமுன் ஒழுங்கை முழுவதும் அம்மா சொல்லி முடித்துவிட்டார்: "எங்கடை பிள்ளை பிளேனைத் திருப்பினவள்."

7. இப்போது நான் சொல்லும் மறுமொழி

கவுன்டரில் இருந்தால் அந்தக் கேள்வி கிழமைக்கு ஒரு தரமாவது வரும். கொம்பியூட்டர் ஓட்டும் விமானத்தை நம்பலாமா? கணினி பிழை விடாது என்று நான் இப்போது சொல்லுவதில்லை. அதை எழுதுவதும் மனிதர்கள்தான், அதற்குக் கண்ணாகவும் காதாகவும் இருக்கும் உணரிகளைச் செய்வதும் மனிதர்கள்தான். பொய்யான அளவு ஒன்று கிடைத்தால் அதை உண்மையென்று எடுத்துக்கொண்டு கணினி பிடிவாதமாக வேலை செய்யும். அது நடக்கவே நடக்காது என்று யாராவது சொன்னால் அவரைத்தான் நான் நம்பமாட்டேன். எங்கள் கணினி அன்று சரியாகவே கணக்குப் பார்த்தது. முன்னால் பெட்டி இருக்கிறது என்று நான் சொன்னேன், அது நம்பியது. வால் முட்டு மட்டும்தான் யார் சொன்னதையும் கேட்காமல், இருந்த பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது.

ஆகவே கேட்பவர்களிடம், பயப்படுவது பிழையல்ல என்கிறேன். கணினிக்கு யார் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள், பிழைத்தால் நிறுத்தச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள் என்கிறேன். எங்கள் நிலையத்தில் இப்போது கையெழுத்திட்ட தாள் மேசைக்கு வராமல் லோட் ஷீட் முடிப்பதில்லை. முதல் கிழமை விமானங்கள் பிந்தின, முணுமுணுப்பு வந்தது. ஜெயந்தன் சேர் அசையவில்லை. முட்டு எடுக்கும்போது இறுகியதா என்று எழுதுவதற்கும் தாளில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அந்தக் கட்டத்தைக் கேட்டது தவம் அண்ணை. மாலை போட்டவர்களிடம் கவுன்டரிலேயே கேட்டுவிடுகிறோம். இதுவரை ஒருவர் மட்டும் வேறு அறை வேண்டும் என்றார். கொடுத்தோம், எழுதினோம்.

இந்த வேலைக்கு வரப்போகும் தங்கச்சிமாருக்கு ஒன்று சொல்லலாம். வெட்கத்தில் ஓம் சொல்லாதீர்கள். எது என்று, எத்தனை என்று, எங்கே என்று திருப்பிக் கேளுங்கள். கேட்கும்போது முகம் சிவந்தால் சிவக்கட்டும்.

மீள்பயிற்சியை இங்கேயே இருந்து இணையத்தில் செய்யலாம் என்றார்கள். சென்னையில் உள்ள பயிற்சி நிலையத்துக்குப் போயும் செய்யலாம். நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். விசா வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானத்தில் கடைசி வரிசை யன்னல் இருக்கை, என் பெயரில். லோட் ஷீட்டில் கையெழுத்து வைப்பவர் எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்.

றோசலின் மாமிக்குச் செய்தி போய்விட்டது. ஊரில் ஒருவர் பயணம் போகிறார் என்றால் வேறு என்ன நடக்கும்? கலியாணம் முடித்த பெண்ணுக்கு என்று ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். நேற்று அதை நானே கொண்டுபோய்க் கவுன்டர்த் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். பதினெட்டரை கிலோ. உள்ளே என்ன என்று தவம் அண்ணை கேட்டார், மண்டபத்தில் சனம் நின்றது.

"சீலாக் கருவாடு, அண்ணை. முன்னறை. எழுதிக்கொள்ளுங்கோ" என்றேன்.